நாற்பத்தேழாவது கல்

காலையிலிருந்து ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வைரக்கல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டுக்கு எல்லை காட்ட நட்டுவைத்த கருங்கல். அதில் 47 என்று செதுக்கியிருக்குமாம். அது கிடைத்தால் என் சமையல்கட்டு எனக்கு, கிடைக்காவிட்டால் காட்டுக்கு.

திருவண்ணாமலையில் முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். ஊருக்கு நடுவில் மலை, மலையைச் சுற்றிக் காப்புக்காடு, காட்டைச் சுற்றி நாங்கள். எங்கள் தெருவில் கடைசி வீடு என்னுடையது. பின்கதவைத் திறந்தால் மயில் நிற்கும். சவாரிக்கு ஏறுகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வாய்க்கு நல்லா வேணும்.

போன மாதம் வனத்துறைக்காரர்கள் காட்டின் எல்லையைப் புதிதாக அளந்து வேலி போட வந்தார்கள். பழைய வரைபடத்தில் 46ஆம் கல்லுக்கும் 48ஆம் கல்லுக்கும் நடுவில் எல்லை மலைப்பக்கமாக வளைந்து போகிறது. அந்த வளைவின் முனையில்தான் 47. அது இருந்தால் என் வீடு காட்டுக்கு வெளியே. அது இல்லாமல் 46லிருந்து 48க்கு நேராகக் கோடு போட்டால், கோடு என் மனைவி வேதாவின் அடுப்பு மேலேயே போகிறது.

"பட்டா வெச்சிருக்கேன் சார்" என்றேன் வனக்காப்பாளர் இளஞ்செழியனிடம். என் மகன் வயசுதான் இருக்கும். காக்கி போட்டிருந்தால் சார்தான், என்ன செய்வது.

"பட்டா இருக்குதுணா. காடு அதுக்கு முன்னாடியே இருக்குது."

"வரைபடத்துல வளைவு இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்குது. எவ்ளோ தூரம் வளையுதுன்னு கல்லுதான் சொல்லணும். போன் மேப்புல பாத்தா முப்பதடி முன்னபின்ன காட்டுது. உங்க வீடே முப்பதடிதான். இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள கல்ல காட்டுங்க. இல்லன்னா நாளைக்கு நேர்கோடுதான்."

காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. உண்ணிச்செடியை வெட்டி வழி பண்ணிக்கொண்டு போனோம். 46ஆம் கல் இருந்த இடத்தில்தான் இருந்தது. கழுத்து வரை மண்ணில் புதைந்து, தலை மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இது இருக்கிறது, எனக்கு வேண்டியது மட்டும் இல்லை.

இளஞ்செழியனுக்கு ஒரு அவசரமும் கிடையாது. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றான். இது ஆச்சா, இது வெப்பாலை, இது நட்டு இருபது வருஷம் ஆச்சு என்று விரலை நீட்டினான். ஒரு இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினான். பத்தடி தள்ளி ஒரு புள்ளிமான் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒரு காலத்துல இந்தப் பக்கம் வெறும் மொட்டப் பாறைணா. இப்ப பாருங்க. ஊருக்கு நடுவுல மான் நிக்குது."

"அதுக்கு வீடு இருக்குது, நிக்குது. எனக்கு சொல்லுங்க சார், கல்லு எங்க?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரைபடத்தின்படி 47 இருக்க வேண்டிய பக்கம் போனால், அங்கே ஒன்றல்ல, நூறு கல் இருந்தது. கிரிவலம் வருகிறவர்கள் சொந்த வீடு வேண்டும் என்று கல்லின் மேல் கல்லாக அடுக்கிவிட்டுப் போவார்கள். மூன்று கல், ஐந்து கல், மாடி வீடு வேண்டுமென்றால் ஏழு கல். பாதையோரம் அடுக்கினால் போதாதென்று, தடையை மீறிக் காட்டுக்குள்ளும் வந்து அடுக்கியிருக்கிறார்கள். பாறை பாறையாக, புதர் புதராக எங்கே பார்த்தாலும் குட்டிக் குட்டி வீடுகள்.

"எல்லைக்கல்ல சுத்தி ஒரு கற்குவியல் இருக்கும்ணா. அதுல இருந்து ஒவ்வொருத்தரா உருவியிருப்பாங்க. அப்பறம் அந்தக் கல்லையும் யாரோ தூக்கியிருக்காங்க."

"எவன் வீடு கட்ட எவன் வீட்ட இடிக்கிறது? வீடு வேணும்னா லோன் போடணும், நாயா உழைக்கணும். கல்லு மேல கல்லு வெச்சா வந்துடுமா?"

ஆத்திரம் தாங்காமல் பக்கத்திலிருந்த அடுக்கை ஒரு உதை விட்டேன். ஐந்து கல்லும் சிதறின. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

"காலால உதைக்காதீங்கணா. அவங்க உங்களுக்கு கெடுதல் நெனச்சி அடுக்கல" என்றான் இளஞ்செழியன்.

மதியம் வரை ஒவ்வொரு அடுக்காகக் குனிந்து பார்த்தோம். ஒன்றிலும் எண் இல்லை. கடைசியாக 48ஐப் பார்த்து அங்கிருந்து பின்னோக்கி வரலாம் என்றான். போனோம். 48 மழையில் மண் கரைந்து முழுசாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டடி நீளம், ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் எண். மேல் இரண்டு மூலையும் உளியால் மழுக்கியிருந்தது.

குனிந்து அந்த மூலையைத் தடவினேன். இந்த மாதிரி ஒரு கல்லை எனக்குத் தெரியும். தினமும் காலையில் இதே அச்சில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துதான் பல் விளக்குகிறேன்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

பின்வாசலில் படிக்கல்லாகக் கிடந்ததைக் கடப்பாரை போட்டு நெம்பினேன். வேதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கல் புரண்டது. மண்ணைத் துடைத்தேன். நாலு, ஏழு.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வாடகை வீட்டில் இருந்தபோது ஒரு பௌர்ணமிக்கு நாங்களும் கல் அடுக்கினோம். அடியில் வைக்க நல்ல கல்லாகப் பார் என்று வேதா சொன்னாள். ஒரு குவியலில் நின்றிருந்த கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, அந்தக் குழி மேலேயே படுக்கவைத்து அடுக்கியது நான். வீடு கட்டியதும் அந்த அடிக்கல்லை வாசலில் போடுகிறேன் என்று அவள் வேண்டிக்கொண்டாள். பக்கத்திலேயே மனை அமைந்தது, வீடும் வந்தது. இருட்டுகிற நேரத்தில் தோளில் தூக்கி வந்ததும் நான்தான். ஏதோ செதுக்கியிருக்கிறது, சாமி பேராக இருந்தால் மிதிக்கக் கூடாது, குப்புறப் போடுங்கள் என்றாள் அவள். போட்டேன்.

காலையிலிருந்து நான் திட்டிய திட்டெல்லாம் என் தலையிலேயே விழுந்தது.

"பேசாம கொண்டுபோய் எங்கனா நட்டுட்டு, கெடச்சிடுச்சின்னு சொல்லிடறேன்" என்றேன்.

"எங்கனா நட்டா அவருக்கு தெரியாதா? அந்தப் புள்ள கிட்ட உள்ளத சொல்லுங்க."

"எல்லைக்கல்ல பேத்தவன்னு கேஸ் போடுவான்டி."

"போடட்டும். வீடு போறத விட அது பெரிய கேஸா?"

இளஞ்செழியனைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் குனிந்து எண்ணைத் தடவிப் பார்த்தான். பிறகு சமையல்கட்டைப் பார்த்தான்.

"இப்ப கல்லு இங்க இருக்குதுணா. எடம் மாறுன கல்லு எல்லைய காட்டாது, நாளைக்கு நேர்கோடுதான்."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய.

"எடுத்த எடம் எது? அந்தக் காலத்துல கல்லு நடறதுக்கு முன்னாடி குழியில அடுப்புக்கரி போட்டு மூடுவாங்க. கரி மக்காது. கரிய காட்டுனா ஒத்துக்கலாம்."

எனக்கு எங்கே தெரியும்? அன்றைக்கு மரமே இல்லாத மேடு, இன்றைக்குக் காடு. வேதாதான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தாள்.

"கும்பிட்டு நிமிந்தப்ப ரெண்டு பாறைக்கு நடுவுல மலையுச்சி தெரிஞ்சது."

அந்த நூறு அடுக்குகளுக்குள் மெதுவாக நடந்தாள். நின்றாள், கைகூப்பிப் பார்த்தாள், இரண்டடி நகர்ந்து மறுபடியும் பார்த்தாள். மரக்கிளையை நான் விலக்கிப் பிடித்தேன். "இதான்" என்றாள்.

அந்த இடத்தில் ஏழு கல் அடுக்கு ஒன்று நின்றது. உச்சிக் கல்லில் மஞ்சளும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தது. காலையில் உதைத்த கால் எனக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தேன். மேல் கல்லை இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்தேன். ஏழையும் அப்படியே இறக்கி, நாலடி தள்ளி அதே வரிசையில் திரும்ப அடுக்கினேன். மூன்று தடவை சரிந்தது. சாயந்திரம் ஆகிக்கொண்டிருந்தது. இளஞ்செழியன் மணி பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தான். நான்காவது தடவை நின்றது.

பிறகு தோண்டினேன். ஒரு அடி, ஒன்றும் இல்லை. ஒன்றரை அடி, வெறும் செம்மண். கடப்பாரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே பறித்தேன். விரலெல்லாம் கறுப்பானது. கரி.

வேதா அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இளஞ்செழியன் குழியைப் படம் எடுத்தான், 46லிருந்து டேப் பிடித்து அளந்தான், நோட்டைத் திறந்தான்.

"உங்க வீடு வெளியதாண்ணா. ஆனா கல்ல எடுத்ததுக்கு உங்களுக்கு நோட்டீஸ் வரும். நான் எழுதாம இருக்க முடியாது."

"எழுதுங்க சார்."

"நோட்டீஸ் எந்த அட்ரஸுக்கு வரணும்?"

கதவு எண்ணைச் சொன்னேன், தெருப் பேரைச் சொன்னேன், பின்கோடு சொன்னேன். அவன் எழுதி முடித்த பிறகும் இன்னொரு தடவை முழுசாகச் சொன்னேன்.