சிக்காகோவில் ஆறு பச்சையான சனிக்கிழமை

நுனியில் பஞ்சு வைத்த குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள் பவதாரணி. காலையில் அந்தப் பஞ்சை உறிஞ்சியவர், மத்தியானத்துக்குப் பிறகு வாயை அசைக்கவில்லை. தண்ணீர் கடைவாயால் வழிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் மறுபக்கம் இருந்த அம்மா பரமேஸ்வரி அதைச் சால்வை நுனியால் ஒற்றி எடுத்தாள்.

வெளியே லாங்கன்தால் என்ற அந்த ஐரோப்பியச் சிற்றூரின் கூரைகளில் மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது.

அப்பா தம்பித்துரை இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு துணி ஆலையில் சாயம் போடுகிற பகுதியில் வேலை செய்தவர். ஈரலில் வந்த புற்றுநோய் இப்போது எல்லா இடமும் பரவியிருந்தது. இன்னும் ஒரு கிழமையாவது இருப்பார் என்று டொக்டர் சொன்னதை நம்பி, சிக்காகோவில் இருக்கும் அண்ணன் நிருசன் திங்கட்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தான்.

அவன் வரப்போவதை எப்படி அப்பாவிடம் சொல்வது என்பதுதான் நேற்றுவரை பவதாரணியின் கவலை. அயர்லாந்து வழிவந்த மேகனை நிருசன் கலியாணம் செய்தபோது, தனக்கு இனி ஒரு பிள்ளைதான் என்று சொல்லி அவனோடு கதைப்பதை நிறுத்தியவர் அப்பா. ஆறு வருஷமாகியும் அந்தச் சொல்லிலிருந்து அவர் இறங்கவில்லை. அம்மா அவரைவிடப் பிடிவாதம். பேத்தி நோராவின் படத்தைப் போனில் காட்டினால், அடுப்பில் கறி கிடக்குது என்று எழும்பிப் போய்விடுவாள். மருமகளின் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை.

நேற்றுப் பின்னேரம் அப்பா தெளிவாகக் கண் விழித்திருந்தார். பவதாரணி துணிந்து சொல்லிவிட்டாள், அண்ணா திங்கள் வருகிறார் என்று. அவர் முகம் திருப்பிவிடுவாரோ என்ற பயத்தில் நிறுத்தாமல் அவள் வேறு என்னென்னவோ சொன்னாள். நாளைக்கு அங்கே புனித பற்றிக் திருநாளாம், அயர்லாந்துக்காரருக்கு அதுதான் பெரிய கொண்டாட்டமாம், மேகன் வீட்டார் எல்லாரும் பச்சை உடுப்புப் போட்டு ஊர்வலம் போவினமாம், நகரத்துக்கு நடுவே ஓடுகிற ஆற்றுக்குச் சாயம் போட்டுப் பச்சையாக்குவினமாம்.

அப்பா கனநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்துக்கோ சாயம் போடுறாங்கள்?"

"ஓம் அப்பா."

"இஞ்ச ஒரு சொட்டு ஆத்துக்குப் போனாலே எங்களைப் பேசித் துலைச்சுப்போடுவாங்கள்." மூச்சு வாங்கினார். "நாளைக்கு எனக்கு ஒருக்காக் காட்டச் சொல்லு அவனை."

அம்மா யோகட் கோப்பையின் மூடியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

இதைப் பவதாரணி போனில் சொன்னபோது, நிருசன் அவளை இரண்டாம்தரமும் சொல்லச் சொன்னான். பிறகு, இங்கே காலையில் நடக்கும், உங்களுக்குப் பின்னேரமாக இருக்கும், வடிவாகத் தெரிகிற பாலத்தில் நின்று எடுக்கிறேன் என்றான்.

இப்போது அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. பவதாரணி குச்சியை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள். ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள்.

"இஞ்சாருங்கோ," என்று அம்மா கூப்பிட்டாள். சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்.

தாதி வந்து பார்த்தாள். ஒட்சிசனை நிறுத்தினாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அப்போதுதான் மேசையில் போன் அதிரத் தொடங்கியது.

பவதாரணி எடுத்தாள். திரை முழுக்கப் பச்சை. பச்சைத் தொப்பியோடு நிருசன், அவன் தோளில் கன்னத்தில் பச்சை இலை வரைந்த நோரா, பின்னால் சனக்கூட்டம். மேளங்களும் ஊதுகுழல்களும் அறைக்குள் கொட்டின. அவள் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள்.

"பவா, தெரியுதோ? அப்பாட்டக் குடு."

"அண்ணா, அப்பா..."

"ஒண்டும் கேக்கேல்லை. பெலத்துச் சொல்லு."

அது பெலத்துச் சொல்லக்கூடிய சொல் இல்லை. அந்த அறையில் முடியாது, வெளியே நடையிலும் முடியாது. நோரா குனிந்து கையாட்டினாள். யாரோ சொல்லிக்கொடுத்திருந்த மாதிரி, "அப்பப்பா, அப்பப்பா" என்றாள். அழைப்பைத் துண்டித்துவிட்டு எழுதி அனுப்பலாம் என்று பவதாரணியின் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

அம்மா கையை நீட்டினாள். "கொண்டா."

"அம்மா, வேண்டாம்."

"பாக்கோணும் எண்டு கேட்டவரெல்லே."

போனை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, அப்பாவின் முகத்துக்கு நேரே காட்டினாள். படம் காட்டுகிற பக்கமே பார்க்கவும் செய்யும், அப்பாவின் முகம் நிருசனுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று பவதாரணியால் பிறகு எப்போதும் முடிவு செய்ய முடியவில்லை. கேட்கவும் இல்லை.

"அப்பா," என்றது நிருசனின் குரல். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, மெதுவாக, "அப்பா." அதன்பிறகு மேளம் மட்டும் கேட்டது.

பவதாரணி சுற்றி வந்து திரையைப் பார்த்தாள். நிருசன் நோராவை இறக்கிவிட்டிருந்தான். தொப்பி கையில் இருந்தது. பாலத்தில் போகிறவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். எங்கிருந்தோ மேகன் வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். அவள் சிரித்தபடியேதான் குனிந்தாள். பிறகு நிருசனின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர்களுக்குக் கீழே ஆறு, எந்த இலைக்கும் இல்லாத ஒரு பச்சையில் அசைந்துகொண்டிருந்தது.

யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அம்மாவின் கைகளில் போன் மெல்லத் தாழ்ந்தது. பவதாரணி தன் கையை அவள் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்துத் தாங்கினாள்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்ட சிறிது நேரத்தில் நிருசன் மறுபடி எடுத்தான். இன்றைக்கே வெளிக்கிடுகிறார்களாம், மூன்று பேரும். அம்மாவுக்குக் கரைச்சல் வேண்டாம், ஹோட்டலில் நிற்கிறோம் என்றான். பவதாரணி போனை வைத்துவிட்டுச் சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"மேகனும் பிள்ளையும் வருகினமாம். ஹோட்டல்ல நிக்கினமாம்."

அம்மா உடுப்புக்கூட மாற்றாமல் கதிரையில் இருந்தாள். எழும்பி நிருசனின் பழைய அறைக்குப் போனாள். கட்டிலில் குவிந்து கிடந்த தோய்த்த துணிகளை அள்ளிக் கதிரையில் போட்டாள். புது விரிப்பை உதறி விரித்தாள். அலுமாரியிலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்து வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தபடி நின்றாள்.

பிறகு தங்கள் அறைக்குள் போனாள். வரும்போது அப்பாவின் தலையணை அவள் கையில் இருந்தது. அதன் உறையைக் கழற்றி மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, சின்னப் பூப்போட்ட ஒரு உறையைத் தேடி எடுத்து அதற்கு மாட்டினாள். மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து, கையால் ஒருமுறை தட்டிச் சமப்படுத்தினாள்.