அளந்து சொன்ன இருபத்தைந்து அடி

நான் ஓய்வு பெற்ற சர்வேயர். முப்பத்தாறு வருஷம் நிலத்தை அளந்தேன். இப்போது கதை அளக்கிறேன். வாயால் அளப்பதில் எனக்கு எல்லையே கிடையாது. ஆனால் டேப்பைக் கையில் எடுத்தால் அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்ல வராது. பிறவிக் கோளாறு.

என் மனைவி விளையாட்டு டீச்சர். அவள் விசில் ஊதினால் மைதானத்துக் காக்கைகளும் வரிசையில் நிற்கும். அவளுக்கு வந்தது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். உடம்பின் காவல்படையே நரம்புகளின் மேலுறையைக் கடித்துக் குதறும் நோய். வயரை எலி கடித்த மாதிரி. இடது கால் இழுக்க ஆரம்பித்தது. நடை ஒரேயடியாகப் போய்விடாமல் தடுக்க ஒரு புது மாத்திரையை ஆராய்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். விழுங்குவது மருந்தா, வெறும் மாவா என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

மூன்று மாதத்துக்கொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய், தரையில் ஒட்டிய இரண்டு மஞ்சள் பட்டைகளுக்கு நடுவே இருபத்தைந்து அடி நடக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன், முதல் நாள், ஒன்பது புள்ளி இரண்டு நொடி. பதினொன்றைத் தாண்டினால் நோய் முற்றுகிறது என்று எழுதி, மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

போன வாரம் நடந்தாள். "ஏழு புள்ளி நாலு!" என்று நர்ஸ் கத்தியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் குதித்த குதியில் கட்டடம் தப்பியதே பெரிது.

"ஒலிம்பிக்குக்கு டிக்கெட் எடுத்துடவா டீச்சரம்மா?"

"சும்மா அளக்காதீங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்தால் என் கண் தானாக அளக்கும். தரையில் புது டைல்ஸ். ஒவ்வொன்றும் இரண்டடி. பட்டைக்குப் பட்டை எண்ணினேன். பத்து.

வாயை மூடிக்கொண்டேன்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? காய்ச்சலா?"

"அஞ்சடி குறையுது," என்று கிசுகிசுத்தேன். "பேசாம இரு. மறுபடி நடக்கச் சொல்லி, களைச்சுப் போய்ப் பதினொண்ணைத் தாண்டிட்டா? மாத்திரை போச்சு!"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். "காலையிலேருந்து இதுல நடந்தவங்க எல்லாரும் தேறிட்டதா எழுதிடுவாங்க. நாளைக்கு எவளோ ஒருத்தி அதை நம்பி மாத்திரை முழுங்கணும். ஓட்டப்பந்தயத்துல கோட்டைத் தள்ளிப் போட்டவனை நான் என்ன பண்ணுவேன்?"

"காதைத் திருகுவே."

"உங்க காது பத்திரம். டேப்பை எடுங்க."

பையிலிருந்து எடுத்தேன். சரியாக இருபது அடி. நர்ஸின் முகம் சுண்டிப்போனது.

"ஐயோ சார், பழைய தரையில பத்து கல்லுன்னு எண்ணித்தான் ஒட்டுவோம். அதே மாதிரி பத்து எண்ணிட்டேன்!"

பழைய கல் ஒவ்வொன்றும் இரண்டரை அடி. காலையில் நடந்த நாலு பேரையும் திரும்ப வரச்சொல்ல அவள் போனை எடுத்தாள். நான் மண்டிபோட்டு, மூன்று முறை அளந்து, பட்டையை ஒட்டினேன். டாக்டர் வந்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, பிறகு நடக்கச் சொன்னார்.

நடந்தாள். இருபதாவது அடியில் இடது பாதத்தின் நுனி தரையில் உரசியது. உலகத்துக் கடிகாரமெல்லாம் நின்றுபோனது. அவள் நிற்கவில்லை. பல்லைக் கடித்தாள், இடுப்பைத் தூக்கிக் காலை முன்னால் போட்டாள், கோட்டைத் தாண்டினாள்.

"ஒன்பது புள்ளி நாலு," என்றாள் நர்ஸ், தயங்கியபடி.

"ரெண்டு வருஷத்துல புள்ளி ரெண்டுதான் கூடியிருக்கு," என்று டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இது போதும்மா. தொடரலாம்."

"அடுத்த தடவையும் இவரே அளக்கட்டும்," என்றாள் என் மனைவி, விழாத குறையாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

வீட்டு வாசலிலேயே பக்கத்து வீட்டுக்காரர் மறித்தார். "டீச்சர் நடை எப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு. புள்ளி ரெண்டு நொடிதான் கூடியிருக்கு."

"சும்மா அளக்காதீங்க சார்!"

"இல்லைய்யா," என்றேன். "அளந்துட்டுத்தான் வர்றேன்."