அசைந்தால் தெரியும்

சந்தனம் பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திருப்பினாள். "பாரு தாயி. ஒங்கப்பன நல்லாப் பாத்துக்க. இனி எங்க பாக்கப் போற!"

ஐந்து வயதுச் செல்வலட்சுமியின் கண்கள் பெட்டிக்குள் கிடந்த முகத்தில் நிற்கவில்லை. மேலே சுற்றிய மின்விசிறிக்குப் போயின. அங்கிருந்து, ஈ விரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கைக்கு வந்தன.

"அப்பா எங்க அத்தை?"

சுற்றியிருந்தவர்கள் ஓவென்று அழுதார்கள். "கண்ணு தெரியாத புள்ளைக்கு என்னத்தக் காட்ட?" என்றாள் ஒருத்தி.

தெரியும் என்று சொல்ல நினைத்தாள் பிள்ளையின் தாய் முனீஸ்வரி. நாக்கு எழவில்லை. நேற்று விடியலில், முதல் ட்ரிப்புக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த காசிராஜன் நெஞ்சைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு கேட்ட சத்தமெல்லாம் அவளுக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலத்தான் இருந்தது. முப்பத்தொன்பது வயது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பட்டாளத்தில் இருக்கும் தம்பி லிங்கேஸ்வரன் வந்து சேர்வதற்காகப் பெட்டி காத்திருந்தது.

பெட்டி மெல்ல இரைந்துகொண்டே இருந்தது. முனீஸ்வரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

பிறந்து ஆறு மாதமாகியும் பிள்ளை தாய் முகம் பார்க்கவில்லை. டாக்டர்கள் டார்ச் அடித்தார்கள், சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார்கள். கண்மணி சுருங்குகிறது, நரம்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் எதிரே வைத்த பொம்மையைப் பிள்ளை துழாவித்தான் எடுத்தாள். மூன்று வயதில் ஒருநாள் காசிராஜன் அவளைத் தன் பஸ்ஸில் முன்சீட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தான். பஸ் நகர்ந்ததும், "அப்பா, மரம் ஓடுது! மலை கூடவே வருது!" என்று கத்தினாள். நிறுத்தத்தில் நின்றதும், "எல்லாம் போச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "ஏட்டி முனீசு, வண்டி ஓடுனா புள்ளைக்குத் தெரியுது. நின்னாத்தான் தெரியல."

"என்ன ஒளறுதீக?"

"சத்தியமாட்டீ. நாலு ட்ரிப்பு பாத்துட்டேன்."

மதுரையில், அரை இருட்டான ஓர் அறையில், டாக்டரம்மா ஓர் உருளையைக் காட்டினார். அதில் கறுப்பும் வெள்ளையுமாக நெட்டுக்குக் கோடுகள். உருளை சும்மா நின்றபோது பிள்ளையின் பார்வை எங்கெங்கோ அலைந்தது. டாக்டரம்மா அதை மெல்லச் சுற்றினார். பிள்ளையின் கண்கள் ஒரு கோட்டைப் பிடித்து அதன் கூடவே போயின. அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுத்த கோட்டைப் பிடித்தன. காசிராஜன் முனீஸ்வரியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வளையல் ஒன்று உடைந்தது.

"பொறந்ததும் அழுதுச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர். செத்த நேரம் கழிச்சுத்தான்."

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கண்ணுல குறை இல்ல. பார்வையைப் புரிஞ்சுக்கிற இடம் மூளையோட பின்பக்கம் இருக்கு. பொறந்தப்போ காத்து கிடைக்காம அதுல அடி பட்டிருக்கு. அசையாம இருக்கறதக் கண்டுபிடிக்கத் திணறுது. எதையும் ஆட்டிக் காட்டுங்க. இல்லன்னா புள்ளையத் தூக்கி வச்சு நீங்க ஆடுங்க. வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமா தெளியும்."

அதன்பிறகு மகள் எதிரே அவன் சும்மா நின்றதே இல்லை. வாசலுக்கு வந்ததும் ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோல இப்படியும் அப்படியும் ஆடுவான். பிள்ளை சிரித்துக்கொண்டு நேராக ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள்.

மதியம் லிங்கேஸ்வரன் வந்தான். தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் அண்ணன் காலடியில் விழுந்து அழுதான். குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, பாடையில் கிடத்தினார்கள். சங்கு ஊதியது. "புள்ளைய அங்கிட்டுக் கொண்டு போங்க. பயந்துரும்" என்று யாரோ சொன்னார்கள்.

முனீஸ்வரி எழுந்தாள். சந்தனத்தின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனாள். கால்களை அகட்டி ஊன்றினாள். பிறகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினாள்.

"ஏட்டி முனீசு, என்ன செய்யுத?" சந்தனம் பதறி அவள் தோளைப் பிடித்தாள். "ஐயோ, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே!"

"விடுங்க மதினி."

லிங்கேஸ்வரன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். கையை உயர்த்திக் கொட்டுமேளத்தை நிறுத்தச் சொன்னான்.

தெருவே அடங்கிப்போனது. மாலையின் பூக்களும் வெயிலும் முகமும் முனீஸ்வரியின் கண்ணுக்குள் மெல்ல மிதந்தன. அவள் ஆடிக்கொண்டே இருந்தாள். அலைந்துகொண்டிருந்த பிள்ளையின் பார்வை ஓரிடத்தில் சிக்கி, நழுவி, மறுபடி வந்தது.

"அப்பா!"

பிள்ளை கையை நீட்டினாள்.

"அப்பா தலைல துணி கட்டிருக்கும்மா."

"ஆமா தாயி."

"கண்ண மூடிருக்கு. என்னயப் பாக்கலயா?"

முனீஸ்வரியின் கால் ஒருமுறை தடுமாறியது. ஆட்டத்தை விடவில்லை.

"நீ பாத்துக்கடா. நல்லாப் பாத்துக்க."

பிள்ளை பார்த்தாள். நெற்றி, மீசை, கழுத்து மாலை. "போதும்மா" என்று அவளே சொல்லும்வரை ஒருவரும் பாடையைத் தொடவில்லை.

தெருமுக்கு வரைக்கும் போய்த் திரும்பிய பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரத் தரையில் முந்தானையை விரித்துப் பிள்ளையைப் படுக்கப் போட்டாள் முனீஸ்வரி. படுத்ததுமே பிள்ளை உறங்கிவிட்டாள். சந்தனம் ஒரு டம்ளர் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுப்பட்டுமா? ரெண்டு வாய் குடிச்சிட்டுப் படுக்கட்டும். காலைலருந்து ஒண்ணும் திங்கல."

முனீஸ்வரி குனிந்து பார்த்தாள். மூடிய இமைகளுக்குக் கீழே பிள்ளையின் கண்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. உதட்டோரம் லேசாக விரிந்தது.

"வேண்டாம் மதினி," என்றாள். "செத்த நேரம் கெடக்கட்டும்."

காப்பியில் ஆடை படிந்தது.