நல்லாத் துவட்டிக்க

சிவசங்கரி அந்தச் செய்தியை அனுப்பும்போது கையெல்லாம் வெள்ளைத் தூள். பீங்கான் கம்பெனியின் கழிப்பறையிலிருந்து வந்தவள், ஃபியூஸ் கட்டைகளின் விளிம்பு தேய்க்கும் மேசையில் சாய்ந்துகொண்டு, மெதுவாக எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

"தலைக்கு ஊத்திக்கிட்டேங்க."

அதற்கு மேல் விரல் ஓடவில்லை. கல்யாணமாகி ஆறு வருசத்தில் முதல் தடவையாக நாள் தள்ளிப் போயிருந்தது. போன மாதம் ஊருக்கு வந்திருந்த புருசன் மதிவாணன், இன்னும் உறுதியில்லை என்று அவள் எத்தனை சொல்லியும் கேட்காமல், தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. இன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

போனைக் கீழே வைக்கும் முன்பே பதில் வந்தது.

"சூப்பர் சிவா! தலைய நல்லாத் துவட்டிக்க. ஈரத்தோட இருந்தா சளி புடிக்கும். நம்ம வூட்டு ராணிடி நீ!"

அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கை அம்சவல்லி எட்டிப் போனை வாங்கிப் படித்தாள். படித்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டி, உன் புருசன் என்னா வெள்ளக்காரனா? ஆறு வருசம் குடித்தனம் பண்ணவனுக்கு இது கூடவா புரியாது? கொளஞ்சியப்பர் கோயில்ல போயி அவன் மேல ஒரு பிராது எழுதிக் கட்டு!"

சிவசங்கரி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த அம்சவல்லிக்குச் சட்டென்று விஷயம் விளங்கியது.

"அடிப் பாவி மவளே... நாள் தள்ளியா இருந்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று தூள் படிந்த கையாலேயே அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மதிவாணனுக்கா புரியாது? இதே தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்த நாட்களில் அவள் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இருந்ததில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு, அன்றைக்கு அவனே மிளகு ரசம் வைத்துவிடுவான். ஸ்ரீபெரும்புதூர் போன் கம்பெனிக்குப் போன பிறகு இதை எழுத நேர்ந்தது இதுதான் முதல் தடவை. செய்தியில் இருந்த 'சிவா' அவனுடையது, 'வூடு' அவனுடையது. அவன் மட்டும் அதில் இல்லை.

சாயங்காலம் பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவனே கூப்பிட்டான்.

"சாப்டியா சிவா?"

"காலையில நான் அனுப்புனத பாத்தீங்களா?"

"பாத்தேனே. உடனே பதில் போட்டேனே."

"என்னா போட்டீங்க?"

அவன் போனில் அதைத் தேடுகிறான் என்று தெரிந்தது. பிறகு, "ஐயோ சிவா..." என்றான். ஆம்பளை அழும் சத்தம் காதுக்குள் கேட்டது.

கம்பெனிக்குள்ளே போனே கூடாதாம். ஷிப்டு முடியும்வரை பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்களாம். அறையில் உடன் தங்கியிருக்கிற ஒருவன்தான் தானாகப் பதில் போடும் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தானாம். மதிவாணனின் பழைய செய்திகளையெல்லாம் படித்து, அவனைப் போலவே எழுத அது கற்றுக்கொண்டதாம்.

"நீ பகல் முழுக்க போனயே பாத்துக்கிட்டு ஏங்கக் கூடாதுன்னுதான் சிவா. நான் இல்லன்னு உனக்குத் தோணக் கூடாதுன்னுதான்."

"எப்பலேருந்து?"

"சித்திரையிலேருந்து. ஆனா ராத்திரி போடுறதெல்லாம் நான்தான், சத்தியமா. பகல்ல வரதுதான்..."

சித்திரையிலிருந்து. காய்ச்சலில் கிடந்த மத்தியானங்களில் நெற்றியைத் தடவுவதுபோல் வந்த வார்த்தைகள். மாமியாரோடு மனத்தாங்கல் வந்தபோதெல்லாம் பஸ்ஸில் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்த சமாதானங்கள். ஒன்றே ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க ஊருக்கு வந்துட்டுப் போன மறுநாளு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, பொண்ணு பொறந்தா வைக்கலாம்னு ஒரு பேரு போட்டிருந்தீங்களே..."

"எந்தப் பேரு சிவா?"

அவள் சொல்லவில்லை. மாவு பிசையும்போதும் கட்டை தேய்க்கும்போதும் வயிற்றைத் தொட்டுத் தொட்டு அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்த பேர் அது.

"ஒண்ணுமில்ல. பஸ்ஸு வந்துடுச்சு."

"நான் இப்பவே கெளம்பி வரேன். லீவு குடுக்காட்டிப் போவட்டும். ரயிலப் புடிச்சா விடியறதுக்குள்ள வந்துடுவேன், சிவா."

"வாங்க" என்றாள். வேறென்ன சொல்வது? அவனுக்கும்தானே இன்றைக்குப் போனது.

கூட்டத்தோடு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியதும் அந்தப் பேர் தானாக உதட்டுக்கு வந்தது. கடைசியாக ஒரு தடவை என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, குழப்பத்தோடு சொன்னார்:

"அப்படி ஒரு ஸ்டாப்பு இல்லீங்களேம்மா."