அக்காவின் இடது கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அக்காவின் இடது கையைப் பார்த்து வந்தது.

உள்விளையாட்டு அரங்கின் மேல்தளத்தில், பலகை மேடையில் எங்கள் ட்ரைபாட் நின்றது. அதன் மேல் பதினைந்து கிலோ கேமரா, முன்னால் முழங்கை நீள லென்ஸ். கீழே பாட்மின்டன் ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நேரலை தொடங்க இருபது நிமிடம். அக்கா கேமரா இயக்குபவள். நான் கேபிள் இழுக்கிற, பெட்டி தூக்குகிற, எல்லோர் மேலும் எரிந்து விழுகிற தங்கை.

எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு படப்பிடிப்பில், அக்கா கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தபோது அது ட்ரைபாடிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து நொறுங்கியது. அவள் ஒழுங்காகப் பூட்டவில்லை என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நம்பினாள். அதன் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்த படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். இன்று ஒருவர் வராமல் போனதால் பழைய டைரக்டர் கூப்பிட்டிருந்தார். சரியாகச் செய்தால் போட்டித் தொடர் முழுக்க அவளுக்குத்தான்.

அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. ட்ரைபாடின் கால்களை அகல விரித்து, ஒரு காலை லென்ஸ் பார்க்கும் பக்கம் வைத்தாள். நடுவில் மணல் பையைத் தொங்கவிட்டாள். கேமராவின் அடியில் திருகியிருந்த பிளேட்டை ட்ரைபாடின் தலையில் தள்ளிப் பூட்டினாள். மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். கேமரா சாயாமல், திரும்பாமல் எல்லாவற்றையும் இறுக்கினாள். ஆனால் இடது கையை மட்டும் லென்ஸின் அடியிலிருந்து எடுக்கவில்லை. தூங்கிப்போன குழந்தையின் கழுத்துக்கடியிலிருந்து கையை உருவப் பயப்படும் அம்மா மாதிரி நின்றாள்.

அந்தக் கை நடுங்கியது. கையோடு படமும் நடுங்கியது.

"கேமரா ரெண்டு, என்னம்மா படம் இப்படி ஆடுது?" இருவர் காதிலும் ஹெட்செட் இருந்ததால் டைரக்டரின் குரல் எனக்கும் கேட்டது. "அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா ஆளை மாத்திடுவேன்."

மேடைக்குக் கீழே நின்றபடி கத்தினேன். "கையை எடு, அக்கா!"

"முடியலடி."

"பூட்டியிருக்கு. நானும்தான் பார்த்தேனே!"

"அன்னிக்கும் பூட்டினேன்னுதான் நினைச்சேன்." வலது கையால் பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தாள். "என் கையையே என்னால நம்ப முடியலடி."

அவள் நம்பாமல் போனதற்குக் காரணம் நான். எட்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போதும் மூடியிருந்தால் நான் தங்கையே இல்லை.

"அன்னிக்கு நீ சரியாத்தான் பூட்டின," என்றேன். "பிளேட் மாறிப்போச்சு. கேமராவுல மாட்டினது நான். சின்ன ட்ரைபாடோட பிளேட்டை மாட்டிட்டேன்."

"என்ன சொல்ற?"

"ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. உள்ள போகும், க்ளிக்னு சத்தம்கூட வரும். ஆனா நூலளவு ஒடுக்கம், பூட்டு பிடிக்காது. விழுந்தப்புறம்தான் கவனிச்சேன். யாரும் பார்க்கறதுக்குள்ள கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டேன். இன்னிக்கு சரியான பிளேட்தான். பத்து தடவை பார்த்துட்டேன்."

அக்கா மேடையிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து என் தோள்கள் இரண்டையும் பிடித்து உலுக்கினாள்.

"பாவி! எட்டு மாசம்டி! ராத்திரி ராத்திரி நான் அழுதப்போ பக்கத்துலதானே படுத்திருந்த!"

"பயந்துட்டேன்கா."

"உனக்குப் பயமா? ஊரையே கத்திக் கிழிப்ப, உனக்குப் பயமா?"

"கேமரா ரெண்டு," என்றது ஹெட்செட். "பிரமாதம். கல்லு மாதிரி நிக்குது. இப்படியே இருக்கட்டும். என்னம்மா பண்ணின?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் யாரும் தொடாமல் கேமரா தன்பாட்டுக்கு நின்றது. என் தோளைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். அவை நடுங்கவில்லை.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "கையை எடுத்துட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். ஏறும்போதே திரும்பி, "வீட்டுக்கு வா, உன்னை வெச்சுக்கறேன்," என்றாள். எட்டு மாதத்தில் அவள் என்னைத் திட்டியது அன்றுதான் முதல் முறை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.