லீனோ விற்றவன்

கலைச்செல்வன் இப்போது வில்லியனூர் பைபாஸில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை செய்கிறான். குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் எது, மொட்டைமாடி வெயிலுக்குச் சூடேறாதது எது என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவனை டைல்ஸ் கடைக்காரனாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அவன் லீனோ கலை. சாவு வீட்டில் மாலை போட்டுவிட்டு நகர்ந்தால்கூட யாராவது பின்னாலேயே வந்து, "கலை, நம்ம வண்டிக்கு லெப்ட் மிரர் எங்கனா கிடைக்குமாப்பா?" என்று காதோடு கேட்பார்கள்.

லீனோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கார். சந்தையில் இருந்த எல்லாக் கார்களையும்விட மலிவு. விளம்பரத்தில் ஒரு குடும்பமே மழையில் நனைந்துகொண்டு பைக்கில் போகும். அடுத்த காட்சியில் அதே குடும்பம் லீனோவுக்குள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "இனி நனைய வேண்டாம்" என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான் விளம்பரம். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

ஷோரூம் திறந்தபோது, பண்டசோழநல்லூர்க்காரன், நெட்டப்பாக்கம் பாகூர் பக்கமெல்லாம் ஆள் தெரிந்தவன் என்பதற்காகவே கலையை வேலைக்கு எடுத்தார்கள். வந்தவர்களில் பலர் அதற்குமுன் கார் ஷோரூமுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, பளபளக்கும் தரையில் வெறுங்காலோடு தயங்கி நிற்பார்கள். கலை வெளியே போய் அந்தச் செருப்புகளைத் தன் கையாலேயே எடுத்து வந்து காலடியில் வைப்பான். "போட்டுக்குங்க மாமா, இது உங்க கடை" என்பான். நடிப்பில்லை. அவனுடைய அப்பாவும் அப்படிக் கழற்றுகிறவர்தான். டெலிவரி அன்று காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பத்தோடு போட்டோ எடுத்து அனுப்பி வைப்பான். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பிறகு ஒருநாள் காலை, லீனோ கம்பெனி இந்தியாவை விட்டுப் போகிறது என்று டிவியில் செய்தி ஓடியது. ஷோரூமில் வேலை செய்தவர்களுக்கும் அப்போதுதான் தெரியும். சில வாரங்களில் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். சர்வீஸ் சென்டர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு போன் நம்பர். கூப்பிட்டால் ஒரு பெண்குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று சொல்லும், பாட்டு போடும், கட்டாகிவிடும்.

ஊரில் லீனோவுக்கு வீணோ என்று பெயர் வைத்தார்கள். கலை அதைக் கேட்டு அவனும் சிரித்தான். கதவுக் கைப்பிடி உடைந்தால் கயிறு கட்டிக்கொண்டார்கள். ஹெட்லைட் போனால் வேறொரு வண்டியின் ஹெட்லைட்டைக் கொஞ்சம் இழைத்துப் பொருத்தினார்கள். அது வரைக்கும் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவனுடைய அக்கா விஜயராணியின் லீனோ பாகூர் ஏரிக்கரை வளைவில் திரும்பாமல் நேராகப் போய் வாய்க்காலில் இறங்கியது. பாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். தினமும் அந்த வழியாகத்தான் போய்வருவாள். வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து கண்ணாடியை உடைத்துத் தூக்கினார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உயிர் பிழைத்தது தண்ணீர் முழங்கால் அளவே இருந்ததால்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய புருஷன் வருகிறவர்களிடமெல்லாம், "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டீயரிங்குன்னு அப்பவே தலபாடா அடிச்சிகினேன்" என்றார். அவர் டீ குடிக்கப் போன பிறகு விஜயராணி தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் திருப்பினேன்டா கலை. அது திரும்பல. கல்லு மாதிரி நின்னுடுச்சி."

"மழதான்க்கா. வழுக்கி இருக்கும்."

"வழுக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? என்ன நம்புடா."

அந்தக் காரை அவளுக்கு விற்றதும் அவன்தான். ஸ்டாஃப் தள்ளுபடி வாங்கித் தந்து, சிவப்புதான் வேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதத்துக்காகக் காத்திருந்து எடுத்துக் கொடுத்தான்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்த் திருவாண்டார்கோயிலில் ஆண்டனியின் ஷெட்டில் போட்டான். ஆண்டனி லீனோ சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது அங்குள்ள தொழிற்சாலை வேன்களுக்கு வேலை பார்க்கிறார். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த சின்ன மோட்டாரைப் பிரித்து, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்த இடத்தைக் காட்டினார்.

"பாரு. மழத்தண்ணி உள்ள இறங்குது. ஸ்டீயரிங்க லேசாக்கறதுக்குத்தான் இந்த மோட்டாரு. இதுல தண்ணி பட்டா சில நேரம் அப்படியே இறுகிக்கும். உங்கக்கா மேல தப்பு இல்லப்பா."

"எல்லா வண்டியிலயும் இதான் இருக்குதா அண்ணே?"

"எல்லாத்துலயும் இதான். வேற நாட்டுல கம்பெனிக்காரன் எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிட்டு சும்மாவே மாத்திக் குடுத்துட்டான். யூடியூப்ல இருக்குது. இங்க கூப்பிடறதுக்கு ஆளு எங்க?"

கலை கம்பெனியின் அந்த நம்பருக்குப் போன் செய்தான். பாட்டு கேட்டான். பழைய முதலாளியைப் போய்ப் பார்த்தான். அவர் இப்போது வேறொரு கம்பெனியின் கார் விற்கிறார். உட்காரச் சொல்லி, ஜூஸ் வரவழைத்தார். அக்காவைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். "நான் வித்தவன்தான் கலை, வண்டிய செஞ்சவன் இல்லையே. நீயும் நானும் ஒண்ணுதான் இதுல" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க இவனுக்கும் எதுவும் இல்லை. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டான். நன்றி என்று தானாக ஒரு பதில் வந்தது.

சரி, வாங்கினவர்களிடமாவது சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒருவர், "வித்தப்ப டாங்கி மாதிரின்ன, இப்ப எமன்ற. எந்த வாய நம்பறது?" என்று கதவைச் சாத்தினார். ஏம்பலத்தில் ஒருவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "காய்கறி ஏத்தினு தினமும் மார்க்கெட் போறேன். நிறுத்திட்டா சோறு நீ போடறியா?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே பதில் எதிர்பார்ப்பவரைப்போல.

அவன் சொன்னதைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டவர் சொந்த ஊர்க்காரர் பலராமன் ஒருவர்தான். பெரியப்பா முறை. மோர் கொடுத்தார். "பெத்த புள்ள கூட இவ்ளோ அக்கறையா வந்து சொல்லாதுடா" என்று தோளைத் தட்டினார். அன்றைக்கு வீடு திரும்பும்போது கலைக்கு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது.

தையில் ஒரு கல்யாணத்தில் பலராமனைப் பார்த்தான். பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார்.

"நல்லவேள நீ சொன்ன. வித்துட்டேன்டா."

"வித்துட்டீங்களா? யாருக்கு?"

"வில்லியனூர்ல ஒரு பாய். செருப்புக் கடை. ரொம்ப நாளா ஆட்டோமேட்டிக் வண்டியா தேடிட்டு இருந்தாராம். நம்மளது அதானே."

"ஸ்டீயரிங் விஷயத்த சொன்னீங்களா பெரியப்பா?"

பலராமன் அவனை விசித்திரமாகப் பார்த்தார். "சொன்னா வாங்குவானா?" என்றுவிட்டுப் பந்திக்குப் போனார்.

வண்டியை வாங்கிய பஷீர் அகமதுவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருவில் பலராமனுடைய லீனோவின் கிளிப்பச்சை நிறம் தூரத்திலேயே தெரிந்தது. காரின் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகுகிறவர்கள் ஒட்டும் சிவப்பு எல் ஸ்டிக்கர் இருந்தது. வாசலில் நின்ற பஷீர் இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"லீனோ தம்பிதானே? வாங்க வாங்க. நசீரா, யாரு வந்திருக்காருன்னு பாரு!"

கலைக்கு அவரைத் தெரியவில்லை. அவர்தான் நினைவுபடுத்தினார். ஷோரூம் புதிதாகத் திறந்திருந்தபோது புருஷனும் பெண்டாட்டியுமாகச் சும்மா பார்க்கவென்று வந்திருந்தார்களாம். வாங்கும் நிலைமை இல்லை என்று தெரிந்தும் இவன் நசீராவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தானாம். "இதுல கிளட்ச் இல்லக்கா, இடது காலுக்கு வேலையே இல்ல, நீங்களே ஓட்டலாம்" என்று சொன்னானாம்.

நசீரா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியிருந்தது. பஸ் படி ஏறமுடியாது. பைக்கில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனியாகத் தெருமுனையைத் தாண்டியதில்லை என்று பஷீரே சொன்னார்.

"இப்ப ஆத்தோரத் திடல்ல ஒரு ரவுண்டு தனியா அடிப்பேன் தம்பி" என்றாள் நசீரா. "நீங்க அன்னிக்கு சொன்னது மனசுலயே இருந்துச்சி. யாரும் என்கிட்ட அப்படி சொன்னதே இல்ல."

டீ வந்தது. கலையால் அதைக் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னான். அக்கா, வாய்க்கால், மோட்டார், மழைத்தண்ணீர்.

பஷீர் எழுந்து போய் சட்டையை மாட்டிக்கொண்டார். பலராமனைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். போகவும் போனார். "பாத்துதான வாங்கின?" என்று பலராமன் திருப்பிக் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது.

நசீரா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இத வெச்சிகினு நாங்க இன்னா பண்றது?"

ஆண்டனியிடம் கேட்கிறேன் என்றான்.

ஆண்டனி கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "புது மோட்டார் எங்கியும் கிடையாது. வேற வண்டியிலேர்ந்து எடுத்துப் போட்டாலும் அதுவும் இதே சனியன்தான். ஒண்ணே ஒண்ணு செய்யலாம். மோட்டாருக்குப் போற வயரயே புடுங்கி விட்டுடலாம். அப்புறம் அது திடீர்னு இறுகாது. ஆனா ஸ்டீயரிங் எப்பவுமே கனமா இருக்கும். லாரி ஓட்டற மாதிரி. பழகிக்கணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, கடையில் லீவு சொல்லிவிட்டு, ஆண்டனியைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு சங்கராபரணி ஆற்றோரத் திடலுக்குப் போனான் கலை. பஷீரும் நசீராவும் காரோடு காத்திருந்தார்கள். வயரைக் கழற்ற அதிக நேரம் ஆகவில்லை. பஷீர் முதலில் ஓட்டிப் பார்த்தார். செருப்பு மூட்டை தூக்கிய கைகள். மூச்சு வாங்கினாலும் திருப்பிவிட்டார். "பரவால்லியே" என்று இறங்கினார்.

பிறகு நசீரா உட்கார்ந்தாள். பஷீர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். கார் மெல்ல நகர்ந்தது. திடலின் கோடியில் வழக்கமாகத் திருப்புகிற இடம் வந்தது. அவள் திருப்பினாள். வளையல்கள் முழங்கை வரை ஏறின. தோளைக் கொடுத்தாள். வலது காலை ஊன்றி உடம்பையே சாய்த்தாள். ஊன்றிக்கொள்ள இன்னொரு கால் இல்லை. கார் கொஞ்சம்போல வளைந்து, கருவேலம் புதரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. பஷீர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

திரும்ப ஒரு தடவை பார்க்கிறேன் என்றாள். பார்த்தாள். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

கலையும் ஆண்டனியும் ஓடிப்போய் நின்றார்கள். அவள் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தில் வேர்வை வழிந்தது.

"அண்ணே, அந்த வயர மறுபடி குத்திடுங்க. மழ இல்லாதப்ப மட்டும் ஓட்டிக்கிறேன்" என்றாள் ஆண்டனியிடம்.

ஆண்டனி கலையைப் பார்த்தார். "உள்ள இறங்கின தண்ணி எப்ப ஒலரும், எப்ப ஒலராதுன்னு நம்மால சொல்ல முடியாதும்மா" என்று இழுத்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. குத்தலாமா வேணாமா?"

எந்தக் கேள்விக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்த காலம் உண்டு. மைலேஜ், ஏசி, மலை ஏறுமா, ஆயா வசதியாக உட்கார முடியுமா, எதைக் கேட்டாலும் வாய் தானாகப் பேசும். இப்போது அவன் வாயைத் திறந்தான், ஆற்றுப் பக்கம் பார்த்தான், மூடிக்கொண்டான். அக்காவின் தோள் இன்னும் சரியாகவில்லை. பிளவுஸ் கொக்கி மாட்டக்கூட ஆள் வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லலாம். சொன்னால் இவள் இந்த இருக்கையை விட்டு எழுந்துவிடுவாள். எழுந்தால் எங்கே போவாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"வேணாம்க்கா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"இன்னா சொன்னீங்க?"

"வேணாம்."

அவள் தலையாட்டினாள். இறங்கிச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறுவது அவளுக்குப் பெரிய வேலை. அதனால் பஷீர் இறங்கி வழிவிட, உட்கார்ந்தபடியே நகர்ந்து, சூம்பிய காலை இரண்டு கையாலும் தூக்கி கியர் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்து, அடுத்த இருக்கைக்கு மாறினாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பஷீர் கலையின் கையைப் பிடித்து, "நீங்க வந்து சொன்னதுக்கு அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும் தம்பி" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று கலைக்குத் தோன்றியது. கார் முக்கி முனகித் திரும்பி, மண்பாதையில் ஏறிப் போனது.

ஆண்டனி கைகளைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, "மத்தவங்ககிட்டயும் இத சொல்லுப்பா. இலவசமா கழட்டித் தரேன்" என்றார். கலை சொன்னான். சிலர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். பலர் வரவில்லை. சிலர் ஏற்கெனவே விற்றிருந்தார்கள்; யாருக்கு என்று சொல்லவில்லை.

இந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கடைக்கு யாரும் வராத ஒரு மத்தியானம், கலைச்செல்வன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பைபாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரை இறைத்துக்கொண்டு வண்டிகள் போயின. சாம்பல் நிற லீனோ ஒன்று வேகமாகக் கடந்தது. முன்னால் ஒரு ஆணும் பெண்ணும், பின்னால் குழந்தைகள். அவனுக்கு அடையாளம் தெரியாத முகங்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, கையை உயர்த்தி, "ஏங்க!" என்று கத்தினான். அதற்குள் வண்டி மேம்பாலத்தில் ஏறியிருந்தது. நனைந்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

உள்ளேயிருந்து முதலாளி, "இன்னாய்யா, யாரு?" என்று கேட்டார்.

"தெரியலங்க" என்றான்.