சொன்னது சொன்னபடி

கிளறிற்றா பேச எழுந்தபோது மணி பதினொன்றேகால். மண்டபத்தில் முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள். அநேகமாக எல்லோரும் அவளைப் போலவே லண்டன் ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் பகுதிகளில் டொக்டருக்கும் நேர்ஸுக்கும் நடுவில் நிற்பவர்கள். நோயாளியைப் பரிசோதிப்பார்கள், ஸ்கேனுக்கு அனுப்புவார்கள், மருந்தும் எழுதுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கூடிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலைந்து பேர் தங்கள் நோயாளி ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு முன் பேசிய மூவரும் தாங்கள் கண்டுபிடித்ததைச் சொன்னார்கள். மற்றவர்கள் வெறும் தலையிடி என்று அனுப்பியதை ஒருவர் மூளைக்குள் இரத்தக் கசிவு என்று பிடித்திருந்தார். நல்ல கைதட்டல் கிடைத்தது.

கிளறிற்றா முதல் படத்தைத் திரையில் போட்டாள். ஸ்கேன் படம் அல்ல, ஒரே ஒரு வரி. ‘இந்த நோயாளியின் நோயை மறைத்தது நான்.’

மூன்றாம் வரிசையில் இருந்த டினேஷ் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். அவளுடைய வார்ட்டில் பிசியோதெரபி செய்பவன், வட்டுக்கோட்டைப் பெடியன். போன கிழமை சாப்பாட்டு அறையில் வைத்து அவளை மறிக்கப் பார்த்தவன். “அக்கா, உங்களுக்கென்ன விசரே? அந்தப் பார்க்கின்சன் கேஸ் வடிவா இருக்கு, அதைச் சொல்லுங்கோ. அடுத்த மாசம் உங்களுக்கு வார்ட் பொறுப்பாளர் வேலைக்கு இன்ரவியூ. இதைக் கேட்டவை அங்கயும் இருப்பினம்.”

“இருக்கட்டுமே” என்றாள் அவள். “நான் ஒராள் மட்டும் விட்ட பிழை எண்டா வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். எல்லாரும் விடுற பிழை டினேஷ் இது. ஒருத்தருக்கும் தெரியாமல் விடுறம்.”

நடந்தது போன ஐப்பசியில். கிருஷ்ணமூர்த்தி என்ற அறுபத்தெட்டு வயது மனிதர், ஸ்ட்ரெதமில் இருப்பவர், இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர், சின்ன ஸ்ட்ரோக் ஒன்றோடு வந்தார். இயங்காமல் போன வலக்கை ஒரு நாளில் திரும்பிவிட்டது. வீட்டுக்கு விடுமுன் பேச்சைச் சோதிக்க வேண்டும். அவருடைய ஆங்கிலம் களைப்பில் அறவே நின்றுபோயிருந்தது. மொழிபெயர்ப்பாளருக்குப் போன் எடுத்தால் நாற்பது நிமிடம் பொறுக்கச் சொன்னார்கள். இளம் டொக்டர் கிளறிற்றாவின் பெயர் அட்டையைப் பார்த்தார். நீங்கள் தமிழ்தானே, இரண்டு கேள்வி கேட்டுச் சொல்லுங்களேன் என்றார்.

“ஐயா, நேற்றுக் காலமை எத்தினை மணிக்கு எழும்பினியள்?”

“ஆறு கதவுக்கு” என்றார் அவர், தெளிவாக, சிரித்த முகத்தோடு.

கிளறிற்றா டொக்டரிடம் திரும்பி, ஆறு மணிக்கு என்றாள்.

“வீட்டில ஆர் சமைக்கிறது?”

“கலாவதிதான். பஸ்ஸை அவிச்சு வைப்பா.”

மனைவி சமைப்பாராம் என்றாள். டொக்டர் பேச்சு சரி என்று எழுதினார். மருந்தை எப்படிப் போடுவது என்று அவளே விளங்கப்படுத்தினாள். ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் ஓம், ஓம் என்று தலையாட்டினார். பின்னேரம் வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் திரும்ப வந்தார். இரவுக் குளிசையையும் சேர்த்துக் காலையிலேயே போட்டு, பிரஷர் இறங்கி, குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கலாவதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். “பிள்ளை, இவர் கதைக்கிறது எனக்கு ஒண்டும் விளங்குதில்லை. சொல்லெல்லாம் மாறி வருது. சொன்னாலும் பிடிபடுதில்லை. ஆஸ்பத்திரியில நல்லாக் கதைச்சவர் எண்டுதானே கடுதாசியில எழுதிக் கிடக்கு? அப்ப நான்தான் பிழையாக் கேக்கிறனோ எண்டு நினைச்சன்.”

ஸ்ட்ரோக் அவருடைய சொற்களைக் குழப்பியிருந்தது. அந்த நிமிடத்தில்தான் ‘ஆறு கதவு’ அவளுக்குக் கேட்டது. ஐந்து நாளுக்கு முன் காதில் விழுந்தது, அன்றுதான் கேட்டது. எப்படி அதை மணியாக்கினாள் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தாள். பாதி, காது தானாகச் செய்தது. மற்றப் பாதியை அவளேதான் செய்தாள். தகப்பன் வயதுள்ள மனிதரின் நாக்குப் பிசகை அந்நிய டொக்டருக்கு முன்னால் எடுத்துப் போட மனம் வரவில்லை. மரியாதை என்று நினைத்துச் செய்தாள்.

“நீங்கள் பிழையாக் கேக்கேல்லை அன்ரி” என்றாள். “நான்தான் பிழையாச் சொன்னனான்.” முழுவதையும் சொன்னாள். கலாவதி மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பிறகு, “நல்ல வேளை, நான் கேட்டது சரிதான்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அன்றே கிளறிற்றா தன் பிழையை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாளே பேச்சுப் பயிற்சி தொடங்கியது.

இவ்வளவையும் மண்டபத்தில் குரல் தடுக்காமல் சொல்லி முடித்தாள். பிறகு முன்வரிசையைப் பார்த்து, “ஐயா, வாறியளே?” என்றாள்.

கிருஷ்ணமூர்த்தி எழுந்து வந்தார். சாம்பல் நிறக் கோட், புதிதாக வெட்டிய தலைமயிர். வரச் சம்மதமா என்று போன மாதம் அவள் கேட்டபோது, “இருவத்தெட்டு வருசம் சனத்தை ஏத்தினனான், பயமில்லை” என்று ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லியிருந்தார்.

“இண்டைக்கு எத்தினை மணிக்கு எழும்பினியள் ஐயா?”

“ஏழு சாவி.” அவர் நின்றார். நெற்றி சுருங்கியது. “இல்லை. ஏழு... ஏழு மணி.”

கிளறிற்றா சபையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். ஏழு சாவி என்கிறார். நிற்கிறார். இல்லை என்கிறார். ஏழு என்று தொடங்கி விட்டுவிட்டு, பிறகு ஏழு மணி என்கிறார். “போன ஐப்பசியில் நான் இருந்த இடத்தில் நீங்கள் இருந்தால், டொக்டரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?”

 பின்வரிசையில் ஃபொலாக்கே என்ற நைஜீரியப் பெண் கையை உயர்த்தினாள். போன கிழமை ஒரு வயதான அம்மாவிடம் எங்கள் யொரூபா மொழியில் கேட்டு டொக்டரிடம் சொன்னேன் என்றாள். “அவர் சொன்னதை நான் அழகாக்கித்தான் சொன்னேன். இப்போதே வார்ட்டுக்குப் போன் எடுக்கப் போகிறேன்.” போனோடு வெளியே போனாள். ஒரு போலந்துக்காரர் கையை உயர்த்தினார். பிறகு இன்னும் ஏழெட்டுக் கைகள்.

பயிற்சியை நடத்திய நரம்பியல் நிபுணர், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“சொன்னதைச் சொன்னபடி சொல்கிறேன்” என்றாள் கிளறிற்றா. “எனக்கு விளங்கியதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன். வெட்கப்பட்டது அவர் இல்லை, நான்தான். அந்த வெட்கத்தை இப்போது வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.”

கைதட்டல் வரவில்லை. பேனாக்கள் எழுதும் சத்தம் வந்தது. அது போதும் என்று அவளுக்கு இருந்தது.

இடைவேளையில் டினேஷ் பக்கத்தில் வந்தான். “அக்கா, இன்ரவியூ?”

“பாப்பம்” என்றாள். “கேட்டா இதைத்தான் சொல்லுவன்.”

அவன் அவளுடைய லாப்டொப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

தேத்தண்ணி மேசையில் வரிசை நீண்டிருந்தது. முன்னால் நின்றவர் கிருஷ்ணமூர்த்தி. ஊற்றிக்கொண்டிருந்த பெண், இதற்குள் என்ன போடட்டும் என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கை எழும்பிக் காற்றில் பால் குவளையைச் சரிப்பதுபோல் காட்டியது. பக்கத்தில் நின்ற கலாவதியின் உதடு பிரிந்தது. உடனே கலாவதியே அதை இறுக்கி மூடிக்கொண்டார். பின்னால் கோப்பையோடு பதினைந்து பேர். ஒருவரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை, ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. போனை முடித்துவிட்டு வந்த ஃபொலாக்கேயும் சத்தமில்லாமல் வரிசையின் கடைசியில் சேர்ந்தாள். கோப்பையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கிருஷ்ணமூர்த்தி கண்ணை மூடினார், திறந்தார். வர வேண்டிய சொல்லின் முதல் எழுத்துக்கு இரண்டு உதடுகளும் மெல்ல ஒன்றோடொன்று வந்து பொருந்தின.